சந்தேகம் இரண்டு வகை

பாக்கெட் பால் வருவதற்கு முன்னால், வாசலில் அளந்து ஊற்றும் பாலைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு சந்தேகம் இருந்தது. சாமர்த்தியமான அம்மாள்கள் சிலர் லாக்டோமீட்டர் ஒன்றை வாங்கிப் பாலில் மிதக்க விட்டுப் பார்த்தார்கள். அது ஒரு வகைச் சந்தேகம். லாக்டோமீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்ததும் பால்காரருக்கும் ஒரு சந்தேகம் வந்துவிடும். "அந்தக் கண்ணாடிக் குழாயே சரியில்லை, அம்மா! இது மழைக்காலம், மாடு பச்சைப் புல் தின்கிறது, பால் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். எதிர் வீட்டிலே நேற்றுச் சரியாகத்தானே காட்டிற்று?" என்பார். இது இரண்டாவது வகைச் சந்தேகம்.

முதல் சந்தேகத்துக்கு ஒரு முடிவு உண்டு. அளந்து பார்த்தால் தீர்ந்து போகும். பாலில் தண்ணீர் இல்லை என்று தெரிந்தால் அந்த அம்மாள் மனம் சமாதானமாகிவிடும். இரண்டாவது சந்தேகத்துக்கு முடிவே கிடையாது. மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தால், "வெயிலுக்கு மாடு தண்ணீர் அதிகம் குடிக்கிறது" என்று அதற்கும் ஒரு காரணம் பிறக்கும். பாலின் தரத்தை அறிய வேண்டும் என்பதல்ல அதன் நோக்கம். அடுத்த மாதமும் அதே பாலை அதே விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான்!

உலகத்தில் இன்று நடந்துவரும் ஒரு பெரிய வாக்குவாதத்தைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும். பூமி வரவரச் சூடேறிக்கொண்டு வருகிறதே, அது மனிதன் செய்த காரியமா, அல்லது இயற்கையின் திருவிளையாடலா என்பதுதான் அந்த வாக்குவாதம். அமெரிக்காவில் இந்தச் சண்டை மிகவும் பலம். யேல் சர்வகலாசாலையார் அடிக்கடி ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். பத்துப் பேரில் சுமார் ஆறு பேர்தான் முக்கியக் காரணம் மனிதன் என்கிறார்கள். மற்ற நாலு பேரில் சிலர் இயற்கை என்கிறார்கள். சிலர் சூடே ஏறவில்லை என்கிறார்கள். சிலர் தலையைச் சொறிகிறார்கள்.

சரி, இந்தப் பேச்சு எங்கே, யாரால் ஆரம்பமாயிற்று? அதை ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி என்று சொன்னால் நம் சகோதரிகளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

யூனிஸ் ஃபுட் என்பது அவர் பெயர். அமெரிக்கர். பெண்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று 1848-ம் ஆண்டில் செனெக்கா ஃபால்ஸ் என்ற ஊரில் கூடிக் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். இரண்டு கண்ணாடிக் குழாய்கள், சில தெர்மாமீட்டர்கள், காற்றை வாங்கும் பம்பு ஒன்று, இவைதாம் அவருடைய ஆராய்ச்சிச் சாலை. ஒரு குழாயில் சாதாரணக் காற்றையும் இன்னொன்றில் கரியமில வாயுவையும் நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய் அதிகமாகச் சூடேறிற்று. வெயிலிலிருந்து எடுத்த பிறகு ஆறுவதற்கும் நெடுநேரம் பிடித்தது. இந்த வாயு வானத்தில் அதிகமாக இருந்தால் பூமியின் உஷ்ணமும் அதிகமாக இருக்கும் என்று எழுதினார். 1856-ம் ஆண்டில் ஆல்பனி நகரில் கூடிய விஞ்ஞானிகள் சபையில் அந்தக் கட்டுரையை ஜோசப் ஹென்றி என்ற பெரிய விஞ்ஞானி படித்தார். அதன் பிறகு அதை எல்லாரும் மறந்து போனார்கள். 2011-ம் ஆண்டில் பழைய புத்தகத்தைப் புரட்டி அதை வெளிக்கொண்டு வந்தவர் யார் தெரியுமா? பெட்ரோலியத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பூகர்ப்ப சாஸ்திரி!

அந்த அம்மாளின் சோதனை எளிய சோதனை. வெயிலின் சூடு வேறு, சூடான பூமியிலிருந்து கிளம்பும் சூடு வேறு. அவற்றைப் பிரித்துப் பார்க்க அவரிடம் கருவி இல்லை. அந்தக் காரியத்தை 1859-ல் லண்டனில் ஜான் டிண்டால் செய்தார். பூமியிலிருந்து மேலே போகும் வெப்பத்தைக் கரியமில வாயுவும் நீராவியும் போகவிடாமல் பிடித்துக் கொள்கின்றன என்று கருவி வைத்து நிரூபித்தார். மார்கழிக் குளிரில் போர்த்துக்கொள்ளும் கம்பளி மாதிரி. கம்பளி தானாக நெருப்பை உண்டாக்குவதில்லை. நம் உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. 1896-ல் ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ், இந்த வாயு இரண்டு பங்கானால் உஷ்ணம் எவ்வளவு ஏறும் என்று பக்கம் பக்கமாகக் கையாலேயே கணக்குப் போட்டு, ஐந்தாறு டிகிரி என்றார். இன்றைய கணக்கு ஏறக்குறைய மூன்று டிகிரி. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் போட்ட கணக்குக்கு இது மோசமில்லை!

1938-ல் கை காலண்டர் என்ற ஆங்கிலேயர் லண்டன் வானிலைச் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். அவர் தொழில் நீராவி என்ஜினீயர். வானிலை ஆராய்ச்சி அவருக்குப் பொழுதுபோக்கு. உலகத்தில் 147 இடங்களின் உஷ்ணக் குறிப்புகளைச் சேகரித்து வைத்துக்கொண்டு, பூமி சூடேறுகிறது, அதற்குக் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரி என்றார். சபையில் இருந்த பெரியவர்கள் நம்பவில்லை. கிளம்பும் கரியமில வாயுவையெல்லாம் சமுத்திரம் விழுங்கிவிடும் என்று அப்போது பலரும் நினைத்தார்கள். காலண்டர் ஒன்றும் ஜனங்களைப் பயமுறுத்தக் கிளம்பியவர் அல்ல. பூமி கொஞ்சம் சூடேறினால் குளிர் தேசத்துக்கு நல்லதுதானே என்றுகூட எழுதினார்!

பெரியவர்களின் அந்தச் சந்தேகம் முதல் வகையைச் சேர்ந்தது. அது அளந்து பார்க்கத் தூண்டியது. சமுத்திரம் அத்தனை வேகமாக விழுங்குவதில்லை என்று ரோஜர் ரெவெல்லும் ஹான்ஸ் சூஸும் 1957-ல் எழுதினார்கள். 1958-ல் சார்லஸ் கீலிங் என்ற இளம் ரசாயன விஞ்ஞானி, ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலைமேல், சுமார் 11,000 அடி உயரத்தில், காற்றை அளக்க ஆரம்பித்தார். பத்து லட்சம் பங்கு காற்றில் 313 பங்கு கரியமில வாயு இருந்தது. அன்று தொடங்கிய அளவு இன்னும் நடந்து வருகிறது. 2005-ல் கீலிங் காலமானார். அவர் மகன் ரால்ஃப் கீலிங் அந்தப் பணியைத் தொடர்ந்து நடத்தி வருகிறார். 2024-ல் எண் 420-ஐத் தாண்டியிருந்தது. யந்திரங்கள் பெருகுவதற்கு முன்னால், இருநூறு முந்நூறு வருஷங்களுக்கு முன்பு, அது ஏறக்குறைய 280.

"வாயு ஏறியிருக்கலாம். அதை விட்டது மனிதன்தான் என்று எப்படிச் சொல்வது? எரிமலை கக்கவில்லையா? காடும் கடலும் மூச்சு விடவில்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வீட்டுக் கணக்கு எழுதும் பெண்களைவிடத் தகுதியானவர் கிடையாது.

மாதம் ஐம்பதாயிரம் வரவு, ஐம்பதாயிரம் செலவு என்று ஒரு குடும்பம் சீராக நடந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமும் இல்லை, கடனும் இல்லை. திடீரென்று அம்பி டியூஷன் சொல்லிக் கொடுத்து மாதம் இரண்டாயிரம் கொண்டு வருகிறான். பாங்கில் மாதா மாதம் ஆயிரம் ரூபாய் சேர்கிறது. "ஐம்பதாயிரத்துக்கு முன்னால் இரண்டாயிரம் எம்மாத்திரம்? சேமிப்புக்கு அம்பி காரணமில்லை" என்று யாராவது சொன்னால் சிரிக்க மாட்டீர்களா? இயற்கையின் வரவு செலவு இப்படித்தான். காடும் கடலும் விடுவது ஏராளம். ஆனால் வாங்கிக்கொள்வதும் அவ்வளவே, இப்போது சற்று அதிகமுங்கூட. மனிதன் ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயு சுமார் 4,000 கோடி டன். அதில் ஏறக்குறைய பாதி காற்றில் தங்கிவிடுகிறது. எரிமலைகள் விடுவது, தாராளமாகக் கணக்கிட்டாலும், மனிதன் விடுவதில் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டித்தான் வருகிறது.

கணக்கு மட்டுமல்ல, கைரேகையும் உண்டு. உயிருள்ள செடி கொடிகளின் கரியில் கதிரியக்கமுள்ள கரி துளியளவு கலந்திருக்கும். கோடிக்கணக்கான வருஷங்கள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது அடியோடு மறைந்து போயிருக்கும். காற்றில் சேரும் புதுக் கரியமில வாயு பழைய கரியிலிருந்து வந்ததானால் அந்தக் கதிரியக்கக் கரி நீர்த்துப் போக வேண்டும். மரங்களின் வளையங்களைச் சோதித்து, அப்படித்தான் நீர்த்துப் போயிருக்கிறது என்று சூஸ் 1955-லேயே கண்டார். எரிப்பதற்குப் பிராண வாயு செலவாக வேண்டுமல்லவா? காற்றில் அதுவும் சிறிது சிறிதாகக் குறைந்து வருவதை ரால்ஃப் கீலிங் அளந்து காட்டினார்.

"சூரியன் பலமாகக் காய்ந்தால்?" என்பது அடுத்த கேள்வி. இந்தச் சங்கதியில் நம் கொடைக்கானலுக்கும் ஒரு பங்கு உண்டு. 1876-77-ல் சென்னை ராஜதானியில் கொடும் பஞ்சம் வந்தது. மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற யோசனை பிறந்தது. அந்த யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிச் சாலை. 1904 முதல் சூரியனின் முகத்தையும் அதிலுள்ள கரும்புள்ளிகளையும் அங்கே படமெடுத்து வருகிறார்கள். 1978 முதல் செயற்கைக் கோள்களும் சூரியனின் காங்கையை அளந்து வருகின்றன. இத்தனை பேர் பார்த்தும், பூமி வேகமாகச் சூடேறிய இந்த அரை நூற்றாண்டில் சூரியன் சூடேறியதாகத் தெரியவில்லை. 2008-லிருந்து 2019 வரை நடந்த கரும்புள்ளிச் சுற்று நூறு வருஷத்தில் மிகச் சோம்பலான சுற்று!

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. சூரியன்தான் காரணமென்றால் வானத்தின் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். கம்பளி காரணமென்றால் கம்பளிக்கு உள்ளே சூடும் வெளியே குளிர்ச்சியும் இருக்க வேண்டும். ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த ஸ்யுகுரோ மனாபே, வெதரால்ட் என்பவருடன் சேர்ந்து 1967-ல் கணக்குப் போட்டு, கரியமில வாயு ஏறினால் கீழே சூடும் மேலே குளிர்ச்சியும் உண்டாகும் என்றார். பிற்பாடு அளந்து பார்த்தபோது அப்படியே இருந்தது. 2021-ல் தொண்ணூறு வயதில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விஞ்ஞானிகளும் எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 1988-ல் அமைந்த ஐ.பி.சி.சி. என்ற சர்வதேசக் குழு, 1990-ல் தன் முதல் அறிக்கையில், கண்ட உஷ்ணம் இயற்கையான ஏற்ற இறக்கமாகவும் இருக்கக் கூடும் என்று எழுதியது. 1995-ல், மனிதனின் கை தென்படுகிறது என்றது. 2001-ல் நூற்றுக்கு 66 பங்கு நிச்சயம், 2007-ல் 90, 2013-ல் 95 என்று படிப்படியாக ஏறி, 2021-ல்தான் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று முடித்தது. முப்பது வருஷம் விசாரித்துச் சொன்ன தீர்ப்பு!

இந்த இடத்தில், மனப்பூர்வமாகச் சந்தேகப்பட்ட ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் முல்லர், கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். உஷ்ணக் கணக்குகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "தெர்மாமீட்டர்களைக் கட்டடத்துக்கும் தார் ரோட்டுக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், நகரங்கள் பெருகினால் சூடு அதிகமாகத்தான் காட்டும். சில ஊர்களைச் சேர்த்து, சில ஊர்களை விட்டிருக்கிறார்கள்" என்பது அவர் கட்சி. அவர் பேசிவிட்டுப் போய்விடவில்லை. தம் மகள் எலிசபெத்துடன் சேர்ந்து ஒரு குழு அமைத்தார். பணம் கொடுத்தவர்களில், எண்ணெய்த் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய கோக் என்பவரின் தரும நிதியும் ஒன்று. கிடைத்த உஷ்ணக் குறிப்புகள் 160 கோடி. அத்தனையையும் புதிதாக அலசினார்கள்.

என்ன கிடைத்தது? பழைய கணக்குச் சரியாகவே இருந்தது. நகரத்துச் சூட்டைக் கழித்துப் பார்த்தாலும் பூமி சூடேறத்தான் செய்கிறது. 250 வருஷத்தில் நிலப் பகுதிகளின் உஷ்ணம் சுமார் ஒன்றரை டிகிரி ஏறியிருக்கிறது. 2012-ல் முல்லர் பத்திரிகையில் எழுதினார்: நான் சந்தேகப்பட்டவன், இப்போது மாறிவிட்டேன், அநேகமாக முழுக்க முழுக்க மனிதனே காரணம் என்று எழுதினார்.

அதே சமயத்தில் இன்னொரு சம்பவமும் நடந்தது. டெலிவிஷனில் வானிலை சொல்லி வந்த ஒரு பிரபலச் சந்தேகக்காரர், "முல்லர் எந்த முடிவுக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்வேன், என் கட்சி தவறென்று ஏற்பட்டாலும் சரி" என்று முன்னதாகவே வாக்குக் கொடுத்திருந்தார். முடிவு வந்தது. "எடுத்துக்கொண்ட காலக் கணக்கு சரியில்லை, மற்ற விஞ்ஞானிகள் சரிபார்ப்பதற்கு முன்பே வெளியிட்டுவிட்டார்கள்" என்று அவர் காரணங்களை அடுக்கினார், ஏற்றுக்கொள்ளவில்லை. முல்லரும் அவரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் புறப்பட்டார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

இனி, சந்தேகத்தைச் சரக்காக்கி விற்றவர்களைப் பார்ப்போம். 1969-ல் அமெரிக்கச் சிகரெட் கம்பெனி ஒன்றின் உள்காரியக் குறிப்பில், சந்தேகமே நமது சரக்கு என்ற கருத்தை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். சிகரெட்டால் தீங்கில்லை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தீங்கு உண்டா இல்லையா என்று ஜனங்கள் குழம்பினாலே போதும், வியாபாரம் நடக்கும் என்பதுதான் தந்திரம்.

இதே தந்திரம் பூமியின் உஷ்ணத்துக்கும் வந்தது. நிலக்கரி, எண்ணெய், மோட்டார்த் தொழில்காரர்கள் சேர்ந்து 1989-ல் உலகத் தட்பவெப்பக் கூட்டணி என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். மனிதன் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்று அந்தச் சங்கம் ஊரெல்லாம் பிரசாரம் செய்தது. ஆனால் சங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் விஞ்ஞானிகளே 1995-ல், கரியமில வாயு பூமியைச் சூடாக்கக் கூடும் என்பதற்கான அடிப்படை உறுதியானது, மறுக்க முடியாதது என்று தங்களுக்குள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2002-ல் சங்கம் கலைந்தது. அந்தக் காகிதம் வெளிச்சத்துக்கு வந்தது 2009-ல்!

1998-ல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தில் கூடியவர்கள் தயாரித்த ஒரு திட்டம் பத்திரிகையில் அம்பலமாயிற்று. சாதாரண ஜனங்கள் இந்த விஞ்ஞானத்தில் நிச்சயமின்மை இருப்பதாக எப்போது உணர்கிறார்களோ, அப்போதே நமக்கு வெற்றி என்பது அதன் சாரம். எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை போட்ட கணக்குகளைச் சிலர் ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். பூமி எவ்வளவு சூடேறும் என்று அவர்கள் சொன்னதில் பெரும்பாலானவை பலித்திருக்கின்றன. வெளியே கம்பெனி பேசியதோ வேறு என்கிறார்கள் அந்த ஆராய்ச்சிக்காரர்கள். ஜனங்களை ஏமாற்றியதாகச் சொல்வதைக் கம்பெனி மறுக்கிறது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

"அப்படியானால் விஞ்ஞானிகள் எல்லாரும் பிழையே செய்யாத ரிஷிகளா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை! ஐ.பி.சி.சி.யின் 2007-ம் ஆண்டு அறிக்கையில், இமயமலையின் பனிப்பாறைகள் 2035-க்குள் மறைந்துவிடக் கூடும் என்று ஒரு வரி புகுந்துவிட்டது. சரியாகச் சோதிக்காமல் சேர்த்த வரி. நம் நாட்டுப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற வி.கே. ரைனா, பனிப்பாறைகள் அத்தனை வேகமாக உருகவில்லை என்று எழுதியதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009 நவம்பரில் வெளியிட்டது. ஐ.பி.சி.சி.யின் தலைவர் அதை மந்திரவாதம் என்கிற பாணியில் கேலி செய்தார். இரண்டு மாதத்தில், 2010 ஜனவரியில், 2035 என்றது பிழைதான் என்று ஐ.பி.சி.சி.யே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

ரைனாவின் ஆட்சேபம் முதல் வகைச் சந்தேகம். அதனால் ஒரு பிழை திருந்தியது. ஆனால் அந்த ஒரு வரி தவறிப் போனதால் பனி உருகுவதே பொய் என்று ஆகிவிடுமா? சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்பதற்காக அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை என்று சொல்ல முடியுமா? காத்மாண்டுவில் உள்ள மலைப் பிரதேச ஆராய்ச்சி நிலையம் 2019-ல் வெளியிட்ட விரிவான மதிப்பீட்டின்படி, உஷ்ண ஏற்றத்தை ஒன்றரை டிகிரியில் நிறுத்தினால்கூட இந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பனிப்பாறைகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

படித்தவர்கள் பெருகினால் இந்தச் சண்டை தீர்ந்துவிடும் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் 2012-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்காவில் ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் சோதித்துப் பார்த்தார்கள். விஞ்ஞான அறிவும் கணக்கும் அதிகம் தெரிந்தவர்களிடையேதான் பிளவு அதிகமாக இருந்தது! கெட்டிக்காரர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தைத் தங்கள் கட்சிக்கு வக்காலத்து வாங்கவே உபயோகித்தார்கள்.

காரணம், பல பேருக்குப் பிடிக்காதது நோயின் பெயரல்ல, மருந்தின் கசப்பு. இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்த மார்கரெட் தாட்சரை எடுத்துக்கொள்ளுங்கள். கன்ஸர்வேடிவ் கட்சித் தலைவி. ஆக்ஸ்ஃபோர்டில் ரசாயனம் படித்தவர். 1988-ல் ராயல் சொஸைட்டியிலும் 1989-ல் ஐக்கிய நாடுகள் சபையிலும் இந்த அபாயத்தைப் பற்றி அழுத்தமாகப் பேசினார். பதவி போன பிறகு, 2002-ல் எழுதிய புத்தகத்தில், பரிகாரம் என்ற பெயரில் சர்க்கார் கட்டுப்பாடுகள் பெருகுவதைக் கண்டு அவரே கசந்துகொண்டார். வரியும் கட்டுப்பாடும் பிடிக்காதவர்கள் அதை நேராகச் சொல்லலாம். அதற்காகத் தெர்மாமீட்டரின் மேல் பழி போடுவானேன்?

உண்மையாகவே வாதாட வேண்டிய விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் நிலக்கரியை விடுவது? செலவு யார் தலையில்? 1990-ல் அமெரிக்க நிலையம் ஒன்று, பெரிய குற்றவாளி நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் சேர்த்தது. டில்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் பதில் எழுதினார்கள். ஏழையின் நெல் வயலிலிருந்தும் கறவை மாட்டிலிருந்தும் வரும் வாயுவையும், பணக்காரர் வீட்டுக் கார்களிலிருந்து வரும் புகையையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று கேட்டார்கள். இது நேர்மையான சண்டை. மனிதன் காரணமில்லை என்று அவர்கள் சொல்லவில்லை; எந்த மனிதன் என்று கேட்டார்கள்!

முதல் கேள்வியிலேயே உலகம் சிக்கிக்கொண்டு நின்றதால் என்ன நஷ்டம்? மனிதன் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து இதுவரை விட்ட மொத்தக் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் 1990-க்குப் பிறகு விட்டது. விவாதம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் சேர்ந்தது அது. அதில் ஒரு பங்கு பல நூறு வருஷம் காற்றிலேயே தங்கும். 2024-ம் வருஷம், கணக்கெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து கண்டிராத சூடான வருஷம். பழைய நிலைக்கு மேல் சுமார் ஒன்றரை டிகிரி அதிகம். தாமதத்தால் லாபம் அடைந்தவர்கள் சிலர். வட்டியோடு கடனைத் தீர்க்கப் போகிறவர்கள் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் குழந்தைகள்.

ஆகையால் சகோதரிகளே, சந்தேகப்படுவதை விட்டுவிடச் சொல்லவில்லை. அது நல்ல குணம். கத்திரிக்காய் வாங்கும்போதே உதவுகிறது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து, "இதெல்லாம் மனிதனால் இல்லை, வெறும் புரளி" என்று யாராவது அடித்துப் பேசினால், கோபித்துக்கொள்ளாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த அத்தாட்சியைக் காட்டினால் உங்கள் அபிப்பிராயத்தை மாற்றிக் கொள்வீர்கள்?"

ஒன்றைக் குறிப்பிட்டு, "இதைக் காட்டு, ஒப்புக்கொள்கிறேன்" என்றால் அவர் முல்லர் ஜாதி. நல்ல டிகிரி காப்பியாகப் போட்டுக் கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள். "எதைக் காட்டினாலும் மாற மாட்டேன்" என்றால், காப்பிப் பொடி விற்கிற விலையில் இரண்டாவது டம்ளர் வேண்டாம்!